உழைப்புக் கொடி, முதல் வகுப்பு

1

என் பெயரைக் குமாரபாளையத்தில் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே போலந்தில் சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரு கணம் பேசாமல் என் முகத்தைப் பார்ப்பார். பதினேழு வருடத்தில் இரண்டுக்கும் பழகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பிப்ரவரியில் அந்த நினைப்பில் மண் விழுந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதுவதற்கு என் மகள் யாழினி ஒரு நிபந்தனை போட்டாள். உண்மைப் பெயரை எழுதக் கூடாது, ஊரின் பெயரும் கூடாது. பதினைந்து வயதுப் பிள்ளை சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆகவே என் பெயரைக் கிராடோவிச் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரும் இப்படித்தான் 'விச்' என்று முடியும். போலந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த காலத்தில் பல பதவிகளில் ஏறி, கடைசியில் கட்சிக்கும் நாட்டுக்கும் தலைவராக இருந்த ஒருவரின் குடும்பப் பெயர் அது. குமாரபாளையத்துத் தறித் தொழிலாளி முத்து, அந்த நாடு வரைபடத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமலேயே, அதைத் தன் மகனுக்கு வைத்தார்.

எங்கள் பக்கத்தில் இது பெரிய அதிசயம் இல்லை. கட்சிக் குடும்பங்களில் ருஷ்யத் தலைவர்களின் பெயர் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருக்கும். ஆனால் அப்பா தறிச் சங்கத்தின் செயலாளர். எல்லோரும் வைக்கிற பெயரையே வைத்தால் செயலாளருக்கு என்ன மரியாதை? சங்க அலுவலகத்துக்கு வந்த வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில், நெஞ்சு கொள்ளாமல் பதக்கம் குத்திய ஒருவரின் படத்தைப் பார்த்திருக்கிறார். படத்துக்குக் கீழே அவர் வகித்த பதவிகளும் வாங்கிய விருதுகளும் ஆண்டு வரிசையில் இருந்தன. நெசவு மில்லில் கூலியாகத் தொடங்கியவர் என்று முதல் வரியிலேயே போட்டிருந்ததாம். அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

பெயர் சூட்டல் மே தினப் பொதுக்கூட்டத்தில், சந்தைத் திடலில் நடந்தது. சேலத்திலிருந்து வந்த தலைவர் ஏழு மாதக் குழந்தையான என்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெயரை மைக்கில் இரண்டு தரம் தப்பாகச் சொல்லி மூன்றாம் தரம் சரியாகச் சொன்னாராம். கூட்டம் மூன்று தரமும் கை தட்டியதாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நாலு நாள் முயன்று பார்த்துவிட்டு 'விச்சு' என்று சுருக்கிவிட்டார். ஐயர் வீட்டுச் செல்லப்பெயர் தறிக்காரர் மகனுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. அம்மா, அக்கா, ஊர் எல்லாவற்றுக்கும் நான் விச்சுதான்.

ஐந்து வயதிலிருந்து ஒவ்வொரு மே தினத்துக்கும் என்னை மேடையேற்றினார்கள். அந்தத் தலைவரின் பதவிகளையும் விருதுகளையும் ஆண்டோடு சேர்த்து ஒப்பிக்க வேண்டும். மொத்தம் பதினான்கு. மாவட்டச் செயலாளர், மத்தியக் குழு உறுப்பினர், வீரச் சிலுவை, அரசியல் குழு உறுப்பினர் என்று போகும். ஆறாவது, உள்துறை அமைச்சர். ஏழாவது, உழைப்புக் கொடி விருது, முதல் வகுப்பு. ஆறையும் ஏழையும் மூச்சு விடாமல் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அக்கா சொல்லிக் கொடுத்திருந்தாள். அங்கேதான் கை தட்டல் விழும். கடைசியில் அரசவைத் தலைவர், சோவியத் நாட்டின் உயரிய விருது என்று முடித்துவிட்டு இறங்கினால் ஒரு கலர் சோடா கிடைக்கும்.

2

நான் இங்கே கார் இருக்கைத் துணி நெய்யும் ஆலையில் தறி மெக்கானிக். காலை ஐந்தரைக்கு டிராம். குளிர்காலத்தில் வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பி வரும்போதும் இருட்டு. மனைவி மலர் ராசிபுரத்துக்காரி. ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறாள். இந்த மொழியை என்னைவிட நன்றாகப் பேசுவாள், ஏனென்றால் தப்பாகப் பேச அவளுக்கு வெட்கமே கிடையாது. எனக்கு எல்லாவற்றுக்கும் மரியாதை போட்டே பழக்கம். போலிஷிலும் ஆட்களைப் 'பான்', 'பானி' என்று ஐயா, அம்மா போட்டுத்தான் பேச வேண்டும் என்று கற்றுக்கொண்டதும், மேற்பார்வையாளர் கூட்டி வந்த நாயையும் 'ஐயா, கொஞ்சம் நகருங்கள்' என்றேன். ஆலையில் அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நாமக்கல் பக்கத்து ஆளுக்கு 'ங்க' போடாமல் வாய் வராது என்பதை அவர்களுக்கு எப்படி விளக்குவது?

யாழினி பிறந்த ஊர் இதுதான். கணக்குப் போடுவது, சண்டை போடுவது, தூக்கத்தில் உளறுவது எல்லாம் போலிஷில். எங்களிடம் ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் தமிழ் வரும். அவள் பிறந்தபோது பதிவு அலுவலகத்தில், குடும்பப் பெயர் இல்லாத பிள்ளையை எழுத முடியாது என்றார்கள். என் பாஸ்போர்ட்டிலேயே அந்த இடம் காலிதான். எங்கள் வழக்கப்படி அப்பா பெயர் பின்னால் வரும் என்று சொல்லி என் பெயரைக் கொடுத்தேன். அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டு, "நீங்கள் கேலி செய்யவில்லையே?" என்று கேட்டார். இல்லை என்றதும் பாஸ்போர்ட்டை இரண்டு தரம் புரட்டினார். பிறகு எங்கள் ஊர் எழுத்துக்கூட்டலை அடித்துவிட்டு, போலிஷ் முறைப்படி திருத்தி எழுதினார்.

ஊரில் இருந்திருந்தால் 'கி. யாழினி' என்று ஒரு எழுத்து, ஒரு புள்ளியோடு போயிருக்கும். இங்கே அது வம்சப் பெயராகிவிட்டது. டாக்டர் வீட்டில், பள்ளியில், நூலகத்தில் அவளைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பிப் பார்த்தால் நிறம் கறுத்த ஒரு பெண் எழுந்து போவாள். நானும் மலரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அந்தத் தலைவரைப் பற்றி நான் எதுவும் படிக்கவில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ன, பதினான்கும் தெரியுமே!

எட்டு வருடத்துக்கு முன் இப்போதிருக்கும் வீட்டுக்கு வந்தோம். கட்டட வாசலில் பன்னிரண்டு வீட்டுக்கும் அழைப்பு மணிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் குடும்பப் பெயர்; எங்கள் மணிக்குப் பக்கத்தில் அந்தப் பெயர்தான். தரைத்தளத்தில் பானி ஹலினா என்ற முதிய பெண்மணி தனியாக இருக்கிறார். நாங்கள் வந்த முதல் வாரத்திலிருந்து அவர் எங்களுக்கு வணக்கம் சொன்னதில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் போகாமல் நிற்பார். எல்லாம் தோலின் நிறம்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஊர் நண்பர்களுக்கு நிறவெறி என்ற தலைப்பில் நீள நீளமாக எழுதியும் அனுப்பியிருக்கிறேன். அவற்றையெல்லாம் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

3

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல பனி. யாழினி தோழி வீட்டுக்குப் போகக் கீழே இறங்கியிருக்கிறாள். பானி ஹலினா மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். மூட்டு பிடித்துக்கொண்டுவிட்டது. மடியில் சிவப்புக் கண்ணாடி விளக்கு ஒன்று. இங்கே இறந்தவர்களுக்கு அப்படித்தான் ஏற்றி வைப்பார்கள். என் மகள் யோசிக்காமல் விளக்கை வாங்கிக்கொண்டு, அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, எங்கே போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

அவர்கள் போனது பழைய நூல் மில்லுக்கு. இன்று அது பெரிய கடை வளாகம். வாசல் வளைவை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். நாங்கள் வாரா வாரம் அதன் கீழே நடந்துபோய்த்தான் அரிசியும் தக்காளியும் வாங்குகிறோம். வளைவின் உட்புறத்தில் ஒரு கல் பலகை இருக்கிறதாம். நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. வேலை நிறுத்தத்தின்போது அந்த வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட மில் தொழிலாளர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று யானெக், பானி ஹலினாவின் அண்ணன். செத்தபோது அவனுக்கு இருபத்து மூன்று வயது. அது நான் பிறப்பதற்குச் சில வருடங்கள் முந்திய கதை.

விளக்கு ஏற்றிய பிறகு அவர் யாழினியிடம் கேட்டிருக்கிறார்.

"இந்தக் குடும்பப் பெயர் உனக்கு எப்படி வந்தது, குழந்தை?"

"அது குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் சொந்தப் பெயர். இந்தியாவில் தாத்தா வைத்தார்."

"யாரென்று தெரிந்தா வைத்தார்?"

பதிலுக்குக் காத்திராமல் பானி ஹலினா சொன்னாராம்: "சுடச் சொன்னவனுடைய பெயர் அது. எட்டு வருடமாக நான் அதைத் தாண்டித்தான் என் வீட்டுக்குள் போகிறேன். நீங்கள் யார், எதற்காக இந்தப் பெயரோடு இங்கே வந்தீர்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. கேட்கவும் பயமாக இருந்தது."

4

மலர் ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறை மேசையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். யாழினி மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தாள். வாசலில் நடந்ததை அவள் அப்போது சொல்லவில்லை. செல்பேசியில் ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினாள். நெஞ்சு கொள்ளாமல் பதக்கம் குத்திய ஒரு மனிதர்.

"இவர் யாருன்னு தெரியுமாப்பா?"

"தெரியாம என்ன? என் பேருக்குச் சொந்தக்காரர்" என்றேன் பெருமையாக.

அவள் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். பிறந்த ஊர், மில்லில் கூலி, பிறகு பதவிகளும் விருதுகளும். நான் அவற்றைப் போலிஷில் கேட்பது அதுதான் முதல் தடவை. ஆனாலும் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் வரும் என்று காது முன்கூட்டியே காத்திருந்தது. ஐந்தாவதைப் படித்துவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினாள். என் வாய் தானாகத் திறந்து தமிழில், "உள்துறை அமைச்சர், உழைப்புக் கொடி விருது முதல் வகுப்பு" என்று சொன்னது, ஆண்டோடு சேர்த்து. நாற்பது வருடமாக நான் அதைச் சொன்னதில்லை. அது என் இப்போதைய குரலும் இல்லை. மைக்குக்கு எட்டாமல் ஸ்டூல் போட்டு நிற்க வைத்த பிள்ளையின் குரல் அது.

யாழினி திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அடுத்தது?" என்றாள்.

எட்டிலிருந்து பதினான்கு வரை சொன்னேன். நிறுத்த நினைத்தும் நிற்கவில்லை. அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சரி பார்த்தாள். ஒரு ஆண்டுகூடத் தப்பவில்லை. மலர் கரண்டியைப் பிடித்தபடி திரும்பி நின்றிருந்தாள்.

"ஏழாவது எதுக்குக் குடுத்தாங்கன்னு சொல்லுங்க" என்றாள் யாழினி.

எனக்குத் தெரியாது. பத்திரிகையில் அது இருந்ததில்லை.

"தொழில் அமைதியைக் காப்பாத்துனதுக்காகன்னு போட்டிருக்குப்பா. அதே வருஷம். மில் கேட்டுல சுட்டு ரெண்டு மாசம் கழிச்சு." பிறகுதான் விளக்கு, கல் பலகை, யானெக் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். அழுகை தமிழில் தொடங்கிப் பாதியில் போலிஷுக்குப் போய்விட்டது.

நான் கோபப்பட்டேன். எதற்கு என்று கேட்டால் இப்போதும் தெரியாது. இணையத்தில் ஆயிரம் பொய் எழுதுவான், அந்தக் கிழவிக்கு நம்மைக் கண்டால் ஆகாது என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்தக் கை தட்டல் கேட்டது. ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை, வருடா வருடம், தறிக்காரர்கள் கூடி நின்று ஏழாவதுக்குத்தான் கை தட்டினார்கள்.

5

அந்தப் பெயரோடு இனிப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்றாள் யாழினி. இங்கே பெயர் மாற்ற நகராட்சிப் பதிவு அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் காட்ட வேண்டும். பதின்மூன்று வயது தாண்டிய பிள்ளை என்றால் அதன் சம்மதம் வேண்டும், அப்பா அம்மா இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும். புதுக் குடும்பப் பெயராக 'மலர்' என்று அம்மா பெயரை எழுதியிருந்தாள். மலர் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். நான் படிவத்தை அலமாரிக்கு மேல் வைத்தேன். மூன்று வாரம் அது அங்கேயே இருந்தது.

காரணம் அப்பா. எண்பத்திரண்டு வயது, இதயத்தில் கோளாறு, குமாரபாளையத்தில் அக்கா பூங்கோதை வீட்டில் இருக்கிறார். அவர் நம்பிய ஆட்சி இந்த நாட்டில் கவிழ்ந்தது. சங்கம் இரண்டாக உடைந்தது. சங்கக் கட்டடத்தில் இப்போது செல்பேசிக் கடை. அவருக்கு மிஞ்சியது ஒன்றுதான். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "எம் பேத்தி அந்த நாட்டுலயே அந்தப் பேரோட படிக்குதுங்க" என்று சொல்வார் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அதையும் நான் பிடுங்க வேண்டுமா?

அக்காவிடம் விவரத்தைச் சொன்னேன். "ஏன்டா விச்சு, அப்பாகிட்டச் சொல்லோணும்னு என்ன இருக்குது? நெஞ்சு தாங்காது. அங்க கையெழுத்தப் போட்டுட்டுப் போ. இங்க யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள். அவள் சொன்னது சரிதான். நானும் அப்படியே செய்திருப்பேன்.

ஆனால் ஒரு சனிக்கிழமை, தபால் பெட்டி அருகே, பானி ஹலினா என்னை நிறுத்தினார். எட்டு வருடத்தில் முதல் பேச்சு. உங்கள் மகள் நல்ல பிள்ளை என்றார். நான் மன்னிப்புக் கேட்க நினைத்துத் தப்பான சொல்லைச் சொல்லிவிட்டேன். நன்றி என்று வந்துவிட்டது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"உங்கள் தகப்பனாருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும். தெரியாமல் வைத்தாரா, தெரிந்து வைத்தாரா?"

தெரியாது, தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பாவிடம் நான் ஒரு நாளும் கேட்டதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து ஆலையில் தறிச் சத்தத்துக்கு நடுவிலும் அந்தக் கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தது.

6

ஞாயிறு மதியம் வீடியோவில் கூப்பிட்டேன். ஊரில் சாயங்காலம். அப்பா நாற்காலியில் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். அக்கா செல்பேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள்.

"சாமி, சாப்புட்டியா? பனி கொறஞ்சுதா?"

"கொறஞ்சுதுங்கப்பா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளு."

"அந்தத் தலைவரு உள்துறை மந்திரியா இருந்தப்ப, இங்க மில்லு கேட்டுல தொழிலாளிங்களச் சுட்டிருக்கறாங்க. அந்த வருசந்தான் அவருக்கு உழைப்புக் கொடி குடுத்திருக்கறாங்க. எங்க ஊட்டுக்குக் கீழ இருக்கற அம்மாவோட அண்ணனும் அதுல செத்துட்டாருங்க. உங்களுக்கு இது தெரியுமுங்களா?"

அப்பா துண்டின் முனையால் வாயைத் துடைத்துக்கொண்டார். காதில் விழவில்லையோ என்று மறுபடி தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"கேட்டுச்சு. தெரியும்."

இணைப்பு நின்றுவிட்டதோ என்று திரையைத் தொட்டுப் பார்த்தேன். அவர் கண் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தார்.

"எப்பத் தெரியுமுங்க?"

"உனக்குப் பேர் வெக்கறதுக்கு மூணு நாள் முந்தி. சங்கத்துக்காரரு ஒருத்தரு அந்த நாட்டுக்குப் போயிட்டு வந்திருந்தாரு. பவானி பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சுக்கிட்டு நின்னோம். முத்து, அந்தப் பேரு வேண்டாம்னாரு. அங்க ஒரு தொழிலாளி இவரத் தனியாக் கூட்டிட்டுப் போயி கேட்டக் காமிச்சானாம். செவுத்துல குண்டு பட்ட ஓட்டையெல்லாம் இருந்துதாம்."

"அப்பறம் ஏனுங்கப்பா வெச்சீங்க?"

"நோட்டீஸ் அடிச்சாச்சு. சேலத்துல இருந்து தலைவரு வாராரு. வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொல்லிப்போட்டா அப்பறம் எதச் சொல்லிச் சங்கம் நடத்தறது? அந்த வருசந்தான் கூலி உசத்தச் சொல்லி நாப்பது நாளா நம்ம சனம் அரை வயித்தோட நின்னுக்கிட்டிருந்துது. நமக்குன்னு ஒரு நாடு இருக்குது, அங்க நெசவாளி ராசா மாதிரி இருக்கறான்னு சொல்லித்தான் ஒவ்வொருத்தனையும் நிக்க வெச்சிருந்தேன்." துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "பயந்துட்டேன் சாமி."

என் அப்பா பயந்துட்டேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. தடியடிக்கு மண்டை உடைந்து வந்த நாளிலும் சொன்னதில்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அப்படின்னா என்னைய ஏனுங்க வருசா வருசம் ஒப்பிக்க வெச்சீங்க?"

"சின்னப் புள்ள வாயில வந்தா அது நெசமாயிரும்னு பாத்தேன். நீ சொல்லச் சொல்ல அந்த ஓட்டையெல்லாம் பொய்யாப் போயிரும்னு நெனச்சேன். போவுல. நீ ஏழாவது சொல்லுவ, சனம் கை தட்டும், எனக்கு அது சுடற சத்தமாத்தான் கேக்கும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொம்பு வழுக்கிப் படம் கொஞ்சம் சாய்ந்தது. சாய்ந்த படத்திலேயே கேட்டார்.

"செத்துப்போன பையன் மில்லுல என்ன வேலை பாத்தான்?"

"தெரியலீங்கப்பா. கேக்கல."

"கேட்டிருக்கோணும்" என்றார். குரலில் பழைய செயலாளர் எட்டிப் பார்த்தார்.

யாழினி பெயரை மாற்றக் கேட்கிறாள் என்று அப்போதுதான் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"மாத்திப்போடு. புள்ளைக்கு எதுக்கு அது?"

"உங்களுக்கு வருத்தமில்லீங்களா? எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவீங்கன்னு அக்கா சொல்லுச்சு."

"அந்தப் பேரோட படிக்குதுன்னுதான் சொல்லுவேன். பேரச் சொன்னதில்ல. ஏஞ்சாமி, நீ பொறந்து அம்பது வருசம் ஆவுது. ஒரு நாளாச்சும் அந்தப் பேரச் சொல்லி நான் உன்னையக் கூப்பிட்டிருக்கறனா?"

அக்கா வந்துவிட்டாள். அப்பா உடனே குமாரபாளையத்து வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

நான் பேசியை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து தேடினேன். பள்ளிக்கூடத்து வாசலில் நின்று கூப்பிட்டது, காவிரியில் ஆழத்துக்குப் போய்விட்டேன் என்று கரையிலிருந்து கத்தியது, பாலிடெக்னிக் விண்ணப்பத்தை என்னிடமே நீட்டி நீயே எழுதிக்கோ என்றது, கோவை விமான நிலையத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்தது. ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்தேன். எங்குமே அந்தப் பெயர் இல்லை. ஊரார் சுருக்கிக் கூப்பிட்ட விச்சுகூட அவர் வாயில் வந்ததில்லை. எப்போதும் 'சாமி'தான். அவ்வளவு நாளும் அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். பாசமும்தான். அதற்கு அடியில் இது கிடந்தது எனக்குத் தெரியவில்லை.

7

மறுநாளே பானி ஹலினாவின் கதவைத் தட்டினேன். தெரிந்துதான் வைத்தார் என்று சொன்னேன். பயந்துவிட்டாராம் என்றும் சொன்னேன். கதவைச் சாத்திவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாத்தவில்லை. "அந்தக் காலத்தில் எல்லோரும்தான் பயந்தோம்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யானெக் மில்லில் என்ன வேலை பார்த்தான் என்று மட்டும் கேட்டேன். சாயப் பிரிவில் இருந்தானாம். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாமல் கை இரண்டும் மணிக்கட்டு வரை நீலமாகவே இருக்குமாம். பெட்டியில் வைத்தபோதும் அப்படியே இருந்ததாம்.

அப்பாவிடம் அதைச் சொன்னேன். குமாரபாளையத்தில் சாயக் கை என்றால் என்னவென்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. "ம்" என்றார், அவ்வளவுதான். அக்கா பிறகு கூப்பிட்டு, அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை என்றாள்.

பதிவு அலுவலகத்துக்கு யாழினியும் நானும் போனோம். எண் சீட்டு எடுத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த இளம்பெண் படிவத்தைப் படித்தார். காரணம் என்ற இடத்தில் யாழினி தன் கையாலேயே ஒரே வரி எழுதியிருந்தாள்: இந்தப் பெயர் எங்கள் வீட்டில் யாருடையதும் இல்லை. அந்தப் பெண் அதை இரண்டு தரம் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்களும் மாற்றிக்கொள்ளலாம் ஐயா, அதற்கு இன்னொரு படிவம் இருக்கிறது" என்றார். இப்போது வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. யாழினி மட்டும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் கையெழுத்து செல்லாது என்றார்கள். நான் எப்போதும் போடுவது ஒரு கிறுக்கல்தான். குழந்தையின் பெயரை விட்டுக்கொடுக்கும் தகப்பன் தன் முழுப் பெயரை எழுத்து எழுத்தாக, படிக்கும்படி எழுத வேண்டுமாம். மொத்தம் மூன்று பிரதிகள். பேனாவை வாங்கிக்கொண்டேன். என் அப்பா ஐம்பது வருடம் வாயில் எடுக்காத பெயரை, என் மகளிடமிருந்து எடுப்பதற்காக, ஒரு எழுத்தும் விடாமல் மூன்று தரம் எழுதிக் கொடுத்தேன்.